தீவில் ஒரு மருதம்

பயணம் பற்றிப் பேச்செழும்போது நம்மவரிடையே முதலில் பிறக்கும் வினா, "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பதே. அடுத்தது, "போய்வர எவ்வளவு ஆகும்?" என்பது. எங்கே தங்குவது என்னும் வினா மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வரும். அதுவும் பெரும்பாலும் வாடகையைப் பற்றிய வினாவாகவே வரும். பகலெல்லாம் சுற்றிவிட்டு இரவில் தலைசாய்க்கும் இடந்தானே, எதுவாக இருந்தால் என்ன என்று எண்ணிவிடுகிறோம். ஆயின், ஓர் ஊரை நாம் உண்மையில் அறிவது அதைச் சுற்றிப் பார்த்த நேரத்தில் அன்று; அங்கே சும்மா இருந்த நேரத்தில்தான். விடியலில் எந்த ஒலி கேட்டு விழித்தோம், மாலையில் யாருடைய வாயிலைக் கடந்து நடந்தோம், யாருடைய அடுப்பில் சமைத்ததை உண்டோம் என்பவையே நெஞ்சில் நிற்கின்றன. ஆகவே, தங்குமிடத்தைத் தேர்வதுதான் பயணத்தின் முதற்பணி என்பது என் துணிபு. அத்துணிபுக்கு நான் வந்த வழியையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊராகிய மேரு, கிள்ளானுக்கு வடக்கே உள்ளது. பெயர்தான் மேரு, மலை ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகளும் கிடங்குகளும் தாமான்களும் நிறைந்துள்ளன. துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லோரிகள் இரவிலும் ஓய்வதில்லை. இங்குப் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அமைதி என்பது கட்டுரைப் பயிற்சியில் வரும் ஒரு சொல். "அமைதியான கிராமம்" என்று பிழையின்றி எழுதுவார்கள். அந்த அமைதி எப்படி இருக்கும் என்று கேட்டால் விழிப்பார்கள்.

அப்பிள்ளைகளுள் ஆறாம் ஆண்டில் பயின்ற 14 பேரை இலங்காவித் தீவுகளுக்கு அழைத்துச் செல்வதென்று பள்ளியில் முடிவாயிற்று. ஓராண்டுக்கு முன்பிருந்தே மாதம் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று பெற்றோர் சேமித்து வந்தனர். பெற்றோர் கூட்டத்தில், லோரி ஓட்டும் தந்தை ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்க பிள்ளைங்க இந்த மாதிரி ஒரு தடவைதான் போகப் போறாங்க. நல்ல இடமாப் பார்த்துத் தங்க வைங்க" என்று சொல்லி அமர்ந்துகொண்டார். கடலோரத்தில் நீச்சல்குளத்தோடு கூடிய தங்கும் விடுதியையே அவர் மனத்தில் கொண்டிருந்தார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆயின், "ஒரு தடவைதான்" என்ற சொல் என்னை உறுத்திற்று. ஒரே ஒரு முறை காணப்போகும் தீவு எந்தத் தீவாக இருக்க வேண்டும்? வாழ்நாள் முழுதும் "இலங்காவி" என்றவுடன் அப்பிள்ளைகளின் கண்முன் எது எழ வேண்டும்? இதற்கான விடை நான் தேரும் தங்குமிடத்தைப் பொறுத்தது. எனவே, அதற்கு முந்திய விடுமுறையில் நானும் என் மனைவியும் நான்கு நாள் அங்குச் சென்று இடம் பார்த்தோம்.

இலங்காவி என்பது ஒரு தீவன்று. கெடா மாநிலத்தைச் சேர்ந்த தீவுக்கூட்டம். 99 தீவுகள் என்பது வழக்கம். கடல் வற்றும்போது தலைகாட்டும் திட்டுகளையும் சேர்த்து 104 என்று எண்ணுவாரும் உளர். மக்கள் வாழ்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. மலாக்கா நீரிணை அந்தமான் கடலோடு கலக்கும் இடத்தில், நம் தீபகற்பத்தின் வடமேற்கு மூலையில் இவை கிடக்கின்றன. பெரிய தீவின் மேற்கே நிற்கும் மச்சின்சாங் மலையின் மணற்பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டு பழமையானவை. தீபகற்ப மலேசியாவின் மிகத் தொன்மையான பாறைகள் இவையே என்பர் நிலநூலார். நடுவே 881 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் ராயா கருங்கல் மலை. கிழக்கிலும் தெற்கிலும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். இவ்வளவும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதால், 2007-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற உலகப் புவிப்பூங்காக்களுள் ஒன்றாக இலங்காவி ஏற்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அச்சிறப்பை முதலில் பெற்றது இதுவே.

இதனை எழுதும்போது, நாம் வகுப்பில் நடத்தும் திணைப் பாகுபாடு நினைவுக்கு வருகிறது. கடல் நெய்தல், அதனை அடுத்து வயல் மருதம், காடு முல்லை, மலை குறிஞ்சி. ஒரு காலைப்பொழுதுக்குள் வண்டியில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவு ஒன்றில் நான்கு நிலமும் அடங்கியிருப்பதைக் காண்பது தமிழாசிரியனுக்குப் பெருவிருந்து. ஆயின், தொல்காப்பியர் நிலத்தோடு நின்றுவிடவில்லை. முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், பண் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். சுற்றுலாப் பயணிக்கு எளிதில் கிட்டுவது முதற்பொருள் மட்டுமே: கடலைப் பார்க்கிறான், மலையைப் பார்க்கிறான், படம் எடுத்துக்கொள்கிறான். கருப்பொருளைக் காண ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். உரிப்பொருளோ அதற்கும் பிறகு, பொறுத்திருப்பார்க்கு மட்டுமே புலனாவது. நல்ல தங்குமிடம் எது என்னும் வினாவுக்கு அளவுகோல் இதுவாக இருக்கலாமே என்று எனக்குத் தோன்றிற்று.

அந்த அளவுகோலோடு ஒவ்வோர் இடமாகப் பார்த்தோம். முதலில் படகுத்துறை அமைந்த குவா நகரம். "குவா" என்றால் மலாய் மொழியில் குழம்பு. மாட் ராயா, மாட் சின்சாங் என்னும் இரு பூதங்கள் திருமண விருந்தில் சண்டையிட்டபோது குழம்புச் சட்டி கவிழ்ந்த இடமே குவா என்றும், வெந்நீர் கொட்டிய இடமே ஆயர் ஹாங்காட் என்றும், சண்டையிட்ட இருவருமே மலைகளாயினர் என்றும் ஒரு கதை உண்டு. 1987-ஆம் ஆண்டில் இலங்காவி தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்ட பிறகு குவா வணிக நகராயிற்று. சாக்லேட்டு, பீங்கான், சமையற்பாத்திரம் என்று கடைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மருத்துவமனை அருகில், படகுத்துறை அருகில், வசதிக்குக் குறைவில்லை. ஆனால், கடைத்தெருவைப் பார்க்கப் பிள்ளைகளை இத்தனை தொலைவு அழைத்து வர வேண்டுவதில்லை; கிள்ளானிலேயே நிறைய இருக்கிறது.

அடுத்து, தென்மேற்கே உள்ள பந்தாய் செனாங். வெண்மணற் கடற்கரை; எதிரே சிறு தீவுகள்; மாலையில் கதிரவன் கடலில் இறங்கும் காட்சி உள்ளத்தை அள்ளும். பெற்றோர் மனத்தில் இருந்த இடம் இதுவே. ஆயின், நீரில் பாயும் விசைப்பொறிகளின் இரைச்சல் பகலிலும், உணவகங்களின் இசை இரவிலும் ஓய்வதில்லை. அருகிலுள்ள நிலையத்தில் வானூர்திகள் இறங்கி ஏறுகின்றன. அங்குள்ளோரில் பெரும்பாலோர் நம்மைப்போல் வந்தவர்கள். மற்றையோர் வந்தவர்களுக்குப் பணிபுரிபவர்கள். ஊர்க்காரர் என்று ஒருவரைத் தேடித்தான் காண வேண்டும்.

வடக்கே தஞ்சோங் ரூ. "ரூ" என்பது சவுக்கு மரம். கடலில் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகளும், வானம் தெளிந்திருந்தால் தாய்லாந்தின் தாருதாவ் தீவும் அங்கிருந்து தெரியும். ஒரு காலத்தில் கைதிகளை வைத்திருந்த அத்தீவு 1974 முதல் தேசியப் பூங்கா. தஞ்சோங் ரூவின் அமைதிக்கு ஈடில்லை. ஆனால் அந்த அமைதிக்கு விலை உண்டு. அங்குள்ள விடுதியின் ஒருநாள் வாடகை, எங்கள் பிள்ளை ஒருவன் ஓராண்டு முழுதும் சேமித்ததைவிட மிகுதி.

என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது துபா தீவு. குவாவிலிருந்து சிறுபடகில் சற்று நேரத்தில் சென்றடையலாம். மீனவர் குடும்பங்கள் வாழும் ஊர், குறுகிய பாதைகள், கார்களைக் காண்பது அரிது. எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் என்றால் வேறிடம் தேடியே இருக்க மாட்டோம். ஆயின், 14 குழந்தைகளுக்குப் பொறுப்பேற்றவன் இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்வது என்பதையும் எண்ண வேண்டும். இடையே கடல் இருக்கிறது. கடல் என்றதும் பெற்றோர் சிலர் முன்பே எழுப்பிய அச்சமும் நினைவுக்கு வந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தை மட்டும் தாக்கவில்லை. இலங்காவியின் கரையையும், கெடாவின் கோலமூடாவையும், பினாங்கையும் தாக்கி நம் நாட்டில் 68 உயிர்களைக் கொண்டுசென்றது. அதனை மறவாத தாய்மாரிடம், கடலோரமாகவே உறங்க வைப்பேன் என்று சொல்ல நான் விரும்பவில்லை.

இறுதியில் கண்டது தீவின் உட்பகுதி. குனோங் ராயாவின் அடிவாரத்தில் உலு மெலாக்கா என்னும் வட்டாரம். வயல்களும், தென்னையும் ரப்பரும் கலந்த தோப்புகளும், தூண்மேல் நிற்கும் பலகை வீடுகளும் அமைந்த மலாய்க் கம்பங்கள். சேற்றில் எருமைகள், எருமைகளின்மேல் உண்ணிக்கொக்குகள். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எத்திசையில் புறப்பட்டாலும் அரைமணிக்குச் சற்று முன்பின்னாகக் கடலை அடைந்துவிடலாம். நம் நாட்டில் 1995 முதல் அரசின் ஆதரவோடு நடைபெற்றுவரும் 'ஹோம்ஸ்தே' முறையில், அங்கே அடுத்தடுத்து அமைந்த இரண்டு வீடுகள் எங்களுக்குக் கிடைத்தன. நெய்தலைக் காண வந்தவன் மருதத்தில் தங்குவதா என்று என் மனைவி நகைத்தாள். நெய்தலார் உண்ணும் சோறு மருதத்தில்தானே விளைகிறது என்றேன். இடம் முடிவாயிற்று.

இவ்வாறு கரையைவிட்டு உள்ளடங்கி இளைப்பாறும் வழக்கம் நம் முன்னோர்க்கும் புதிதன்று. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் மின்இரயிலில் சுங்கைப் பட்டாணியை நெருங்கும்போது இடப்பக்கம் 1217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தோன்றும். பண்டைக் கடலோடிகளுக்கு வங்கக் கடலைக் கடந்தபின் கரைகாட்டிய மலை அது. அதன் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றங்கரையில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் எச்சங்கள் கிடைத்துள்ளன. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை வென்ற கடாரம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. படையெடுப்பு ஒருமுறை நிகழ்ந்தது; வணிகரோ அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே வந்தனர். தென்மேற்குக் காற்றில் வந்தவர், வடகிழக்குக் காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் காத்திருந்தனர். 7-ஆம் நூற்றாண்டில் நாளந்தாவை நாடிச் சென்ற சீனத் துறவி இ-சிங்கும் கெடாவில் தங்கியே இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவர்கள் திறந்த கடற்கரையில் அன்று, ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், மலையின் காவலில், சோறும் நன்னீரும் கிடைக்குமிடத்தில் தங்கினர். காற்றுக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில்தான் கோயில் எழுந்தது, மொழி கலந்தது, உறவு வளர்ந்தது. கடந்து சென்றவர்கள் எதையும் விட்டுச் செல்லவில்லை; தங்கியவர்களே விட்டுச் சென்றனர். இதனை இரயிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனோம். அலோர் ஸ்டாரைத் தாண்டி இருபுறமும் வயல்களாகவே விரிந்தன. ஏறத்தாழ ஓர் இலட்சம் எக்டர் பரப்பில் ஆண்டுக்கு இருபோகம் விளைவிக்கும் மூடா நீர்ப்பாசன நிலம் அது. ஆராவ் நிலையத்தில் இறங்கி, கோலப் பெர்லிசில் படகேறி, ஒன்றேகால் மணி நேரத்தில் குவாவை அடைந்தோம். அன்று வியாழக்கிழமை.

வீட்டுக்குரிய அம்மையார் அறுபதைக் கடந்தவர். பிள்ளைகள் அவரை "மக்சிக்" என்று அழைத்தனர். நாங்கள் செல்லுமுன்பே தொலைபேசியில் அழைத்து, "சிக்கு, பிள்ளைகள் எதை உண்பார்கள், எதை உண்ண மாட்டார்கள்?" என்று கேட்டறிந்தவர் அவர். 'சிக்கு' என்பது ஆசிரியரை மரியாதையோடு அழைக்கும் மலாய்ச் சொல். மாட்டிறைச்சி உண்ணாத வழக்கத்தை நான் சொல்லத் தொடங்குமுன், "அது எனக்குத் தெரியும், சட்டியையும் தனியாகவே வைத்திருக்கிறேன்" என்றார். நல்லிணக்கம் பற்றிப் பாடநூலில் நாம் நடத்தும் அலகு முழுவதும் அந்த ஒரு சட்டிக்குள் அடங்கியிருந்தது.

முதல் இரவு பத்து மணியளவில் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, தூக்கமே வரல. ரொம்ப அமைதியா இருக்கு, பயமா இருக்கு" என்றான். அவன் பிறந்ததிலிருந்து லோரி ஓசையில் உறங்கியவன். இன்னும் நான்கைந்து பேர் விழித்திருந்தனர். அவர்களை வீட்டுப்படிகளில் அமரச் செய்து, "அமைதியாக இருக்கிறது என்கிறீர்களே, என்னென்ன கேட்கிறது என்று எழுதுங்கள் பார்ப்போம்" என்றேன். முதலில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு தவளை. பின்னர், வேறுவகைத் தவளை. சில்வண்டு. தென்னை மட்டை உராயும் ஒலி. தொலைவில் ஒரு மோட்டார் சைக்கிள். எருமை மூச்சுவிடும் ஓசை. கால் மணி நேரத்தில் அச்சமுற்ற அந்த மாணவனின் தாளில் பதினொரு ஒலிகள் இருந்தன. வகுப்பறையில் இரண்டாண்டு முயன்றும் என்னால் கற்பிக்க இயலாத ஒன்றை அந்த இருட்டு கற்பித்துவிட்டது. அமைதி என்பது ஒலியின்மை அன்று. சிறிய ஒலிகளுக்கும் இடமிருக்கும் நிலை.

மறுநாள் காலை, அருகிலுள்ள மாவாட் கம்பத்திலுள்ள மசூரியின் கல்லறைக்குச் சென்றோம். கற்புத் தவறினாள் என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, கிரீசு என்னும் குத்துவாளால் கொல்லப்பட்ட பெண் மசூரி. அவள் உடலிலிருந்து வெண்குருதி வழிந்தது என்றும், ஏழு தலைமுறை வரை இத்தீவு செழிக்காது என்று அவள் சபித்தாள் என்றும் சொல்வர். இது நிகழ்ந்தது 1819-இல் என்பது வழக்கு. 1821-இல் சயாமியர் படையெடுத்தனர். அவர்களுக்குக் கிடைக்கக் கூடாதென்று ஊரார் நெற்களஞ்சியத்தையே எரித்ததாகச் சொல்லப்படும் இடம் இன்றும் பாடாங் மாட்சிராட்டில் காட்டப்படுகிறது. தீர்வையற்ற தீவாகி வளம் பெருகியபோது, ஏழு தலைமுறை முடிந்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். கல்லறையில் இன்று நுழைவுச்சீட்டு, நினைவுப்பொருட் கடை எல்லாம் உண்டு. ஆயின், எங்கள் பிள்ளைகள் அக்கதையை அங்குள்ள பலகையில் படித்தறியவில்லை. முந்திய இரவே, உணவுக்குப் பின் மக்சிக் சொல்லக் கேட்டிருந்தார்கள். ஏதோ அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்வது போலவே அவர் சொன்னார். கல்லறையின் முன் ஒரு மாணவி, "ஐயா, அவங்க சொன்னத ஏன் ஒருத்தரும் கேட்கல?" என்று கேட்டாள். கண்ணகியின் கணவனையும் மன்னன் முறையாக விசாரிக்கவில்லையே என்று நான் சொன்னேன். மதுரை எரிந்தது, இங்கே நெல் எரிந்தது. இரண்டு மொழி, இரண்டு நாடு, ஒரே அறம். உரிப்பொருள் என்பதன் பொருளை நான் விளக்க வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

சனிக்கிழமை கிலிம் ஆற்றின் அலையாத்திக் காட்டுக்குள் படகில் சென்றோம். இலங்காவி என்னும் பெயரே செம்பருந்தைக் குறிக்கும் மலாய்ச் சொற்களிலிருந்து வந்தது என்பது பலர் கூறும் விளக்கம். கிலிமில் அப்பருந்துகள் நூற்றுக்கணக்கில் வட்டமிடும். காரணம், படகோட்டிகள் நீரில் எறியும் கோழித்தோல். இது பறவைகளின் இயல்பைக் கெடுக்கிறது என்று இயற்கை ஆர்வலர் நெடுநாளாகவே சொல்லி வருகின்றனர். எங்கள் பிள்ளைகளோ அதே செம்பருந்து ஒன்றை முந்தின நாள் விடியலில் கம்பத்து வயலுக்கு மேலே கண்டிருந்தனர். அது தனியாக, ஓசையின்றி, நெடுநேரம் சுற்றியது. இரண்டு முறை இறங்கி வெறுங்காலோடு எழுந்தது. மூன்றாம் முறை எதையோ பற்றிக்கொண்டு சென்றது. கிலிமில் வந்த கூட்டத்தைப் பார்த்து ஒருத்தி, "அங்க அது தேடிச்சு, இங்க இதுங்க காத்துக்கிட்டு இருக்கு" என்றாள். எங்களுக்குத் தோல் எறிய வேண்டாம் என்று படகோட்டியிடம் கேட்டுக்கொண்டோம். அவர் முகம் கோணாமல் பொறியை நிறுத்திவிட்டு, வேர்களுக்கிடையே சேற்றுமீன் தத்துவதைக் காட்டினார். வயலில் கண்ட ஒரு பருந்து இல்லாவிடில், நூறு பருந்துகளைக் கண்டு கைதட்டிவிட்டு வந்திருப்பார்கள்.

இவற்றைச் சொல்வதால், கடற்கரையையும் மற்றக் காட்சிகளையும் நான் வெறுப்பவன் என்று எண்ண வேண்டா. பந்தாய் செனாங்கில் ஒரு மாலை முழுதும் பிள்ளைகள் அலையில் ஆடினர். கம்பிவட ஊர்தியில் மச்சின்சாங் உச்சிக்குச் சென்று, 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 125 மீட்டர் நீளமுள்ள வளைந்த தொங்குபாலத்தில் நின்று, காலடியில் காடும் கண்ணெட்டிய தொலைவில் தீவுகளும் விரியக் கண்டனர். அந்த வயதில் அந்த மகிழ்ச்சி வேண்டியதே. வேறுபாடு யாதெனில், அவற்றை நாங்கள் சென்று கண்டு திரும்பினோம்; அவற்றின் நடுவே குடியிருக்கவில்லை. கம்பத்து வீட்டில் குறைகளும் இருந்தன. குளியலறைக்கு வரிசை நீண்டது. கொசுக்கள் எங்களை வரவேற்றன. விடியலுக்கு முன்பே சேவல் எழுப்பிவிட்டது. பிள்ளைகள் இரண்டாம் நாளில் அதற்குப் பழகினர். பெரியவர்களுக்குத்தான் மூன்று நாளாயிற்று.

ஞாயிறு காலை எங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. சிலாங்கூரில் ஞாயிறு விடுமுறை. கெடாவிலோ வெள்ளியும் சனியுமே வார விடுமுறை. எங்கள் பள்ளி விடுமுறையின் கடைசி நாளாகிய அந்த ஞாயிற்றில் கெடாவின் பள்ளிகள் திறந்துவிட்டிருந்தன. ரப்பர்த் தோட்டங்கள் தமிழரை இத்தீவுக்கும் கொண்டுவந்தன என்பதையும், சுங்கை ராயாவில் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு என்பதையும் நம்மில் பலர் அறியோம். முன்கூட்டியே இசைவு பெற்று அங்குச் சென்றோம். கடலுக்கு அப்பால் காலை வணக்கத்தில் தமிழ் வாழ்த்து ஒலித்தபோது, எங்கள் பிள்ளைகள் தாமாகவே நிமிர்ந்து நின்றனர். இடைவேளையில் அவ்வூர்ப் பிள்ளைகள், "நீங்க எங்க தங்கியிருக்கீங்க?" என்று கேட்டனர். கம்பத்தின் பெயரைச் சொன்னதும், "அங்கயா? அந்த வயல் பக்கமா?" என்று அவர்கள் முகம் மலர்ந்தது. விடுதியின் பெயரைச் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

ஊர் திரும்பிய சில நாளுக்குப் பின், அன்று கூட்டத்தில் பேசிய தந்தையைப் பள்ளி வாயிலில் கண்டேன். "கடல் பக்கம் தங்கலையாமே ஐயா" என்றார். குரலில் சிறிது ஏமாற்றம் இருந்தது. காரணங்களைச் சொன்னேன். முழுதும் உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன். பிறகு, "ஆனா ஒண்ணு, பையன் இப்ப காலையில எழுந்து வெளிய வந்து நிக்கிறான். என்னடா பண்றனு கேட்டா, குருவி சத்தம் கேட்குதான்னு பார்க்கிறேங்கிறான். நம்ம தாமான்ல குருவி இருக்கறதே எனக்குத் தெரியாது" என்றார்.

மாணவரோடு பயணம் செல்ல எண்ணும் ஆசிரிய நண்பர்களுக்கு நான் கண்டறிந்தவற்றைத் தொகுத்துச் சொல்வேன். காணவேண்டிய இடத்தின் மேலேயே தங்க வேண்டா. அதற்குச் சற்று விலகித் தங்குங்கள். வந்தவர்கள் மிகுந்த இடத்தைவிட, வாழ்பவர்கள் மிகுந்த இடத்தை நாடுங்கள். இரவில் மருத்துவமனைக்குச் செல்லும் வழியை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஒரு நாளுக்குள் மூன்று இடம் என்று திட்டமிடாமல், ஒன்றுமே திட்டமிடாத ஒரு காலைப்பொழுதை விட்டு வையுங்கள். இயலுமாயின், முன்னதாகவே ஒருமுறை சென்று, ஓர் இரவேனும் அங்குப் படுத்துக் கேளுங்கள். இடத்தைக் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுத்தல் போதாது. காதாலும் தேர வேண்டும்.

நம் பிள்ளைகளுள் சிலர் வளர்ந்து உலகெங்கும் செல்வார்கள். பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டாமலும் போகலாம். எத்தனை ஊர் கண்டார்கள் என்பது அவர்கள் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை. ஆனால், ஓர் ஊரில் எப்படி இருப்பது என்பதை ஒருமுறையேனும் கற்றுக்கொடுப்பது நம் கையில் இருக்கிறது. அதற்குப் பேரும் புகழும் வாய்ந்த இடம் தேவையில்லை. கடலுக்குச் சற்று உள்ளே, வயலோரமாக, ஒரு வீடு போதும்.